உபகாரம் அன்று, ஒப்பந்தம்!

(கல்முனையில் நடைபெற்ற சமூகசேவைச் சங்கங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இம்மண்டபத்திலே அமர்ந்திருப்போர் யார் யார் என்று மேடையிலிருந்து ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். சாய்ந்தமருதிலிருந்து ஜனாஸா வாகனம் ஓட்டுகின்ற வாலிபர்கள் வந்திருக்கிறார்கள். கல்முனைக்குடியிலே பாலர் பாடசாலை நடத்துகின்ற ஆசிரியைகள் வந்திருக்கிறார்கள். பேச்சும் செவியும் குறைந்த பிள்ளைகளை நாள்தோறும் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று மாலையில் கொண்டுவந்து விடுகின்ற மருதமுனைச் சகோதரர்கள், பாண்டிருப்பிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் மரணாதாரச் சங்கத்தார், ஆளில்லாத முதியோருக்குப் பகலுணவு கொண்டுசெல்கின்ற நற்பிட்டிமுனைத் தாய்மார், எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். இவர்களுள் ஒருவரேனும் மாநகர சபையின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆயினும், இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கைகட்டி நிற்பார்களாயின், மறுநாட் காலையில் இந்நகரம் எப்படி விடியும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

சங்கங்கள் செய்வது நகரத்தின் வேலை. ஆனால் நகரங்கள் சங்கங்களை நடத்துகின்ற முறையோ, வாசலில் வந்து நிற்கும் இரவலனை வீட்டுக்காரர் நடத்துகின்ற முறையாக இருக்கிறது. இதைப் பற்றியே நான் இன்று பேச வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரத்திலே ஓர் ஊர். ஊரின் பெயர் வேண்டாம். சபையின் பெயரும் வேண்டாம். அங்கே பாலர் பாடசாலை ஒன்றை நடத்திய சங்கத்துக்கு நான் கணக்கு எழுதிக் கொடுத்துவந்தேன். ஆண்டுக்கு ஒரு தொகை தருவதாகச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. தை மாதத்திலே தீர்மானம். சங்கத்தின் பொருளாளர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். பங்குனியிலே சென்றார். “ஹாஜியார், கோவை கணக்குக் கிளைக்குப் போய்விட்டது, அடுத்த கிழமை வாருங்கள்” என்றார் இலிகிதர். வைகாசியிலே சென்றார். பிரதேச செயலகத்தின் கடிதம் இல்லை என்றார்கள். கடிதம் வந்தபோது சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் பழையது என்றார்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டபோது தலைவரின் கையொப்பம் வங்கியிலுள்ள கையொப்பத்தோடு ஒவ்வவில்லை என்றார்கள். இவ்வாறாகக் காசோலை கைக்கு வந்த நாள் மார்கழி இருபத்தெட்டு! மூன்று நாளில் அப்பணம் முழுவதையும் செலவழித்துப் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

அந்தப் பன்னிரண்டு மாதமும் ஆசிரியைகள் இருவர் எதை உண்டு வாழ்ந்தார்கள்? ஒருத்தி தன் காதணியை அடகு வைத்தாள். மற்றவள் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வரவில்லை. வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட்டாள். அவளிடம் எழுத்துக் கற்ற முப்பது பிள்ளைகளுக்கு அவ்வாண்டு வேறு ஆசிரியை கிடைக்கவில்லை. இதற்கு எந்தத் தனிமனிதரும் குற்றவாளி அல்லர். அந்த இலிகிதர் நல்ல மனிதர்; எனக்குத் தேநீர் வாங்கித் தந்தவர். முறைதான் கெட்டிருந்தது.

தாமதம் என்பது வெறும் மனவருத்தம் அன்று; அதற்கு விலை உண்டு. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு சங்கத்துக்கு மாதச் செலவு 60,000 ரூபா என்று கொள்ளுங்கள். சபையின் பணம் ஆறு மாதம் பிந்துகிறது. சங்கம் மாதந்தோறும் அத்தொகையை நூற்றுக்கு இரண்டு மாதவட்டிக்குக் கடன் வாங்குகிறது. முதல் மாதக் கடனுக்கு ஆறு மாத வட்டி, இரண்டாம் மாதக் கடனுக்கு ஐந்து மாத வட்டி, இப்படியே கூட்டினால் வட்டி மட்டும் 25,200 ரூபா. அஃதாவது, ஏறக்குறைய பதின்மூன்று நாளின் சேவையை வட்டிக்காரன் விழுங்குகிறான். வட்டிக்கு வாங்கலாகாது என்று நம்புகின்ற நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? பொருளாளரின் மச்சானிடம் கைமாற்று வாங்குகின்றன. இல்லையேல் ஆசிரியையின் சம்பளத்தை நிறுத்துகின்றன. வட்டியில்லாக் கடனை இந்நாட்டிலே அதிகமாகக் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டால், சம்பளம் பிந்திய பாலர் பாடசாலை ஆசிரியைகள் என்றே நான் சொல்வேன்.

இந்நோய் ஏழை நாட்டின் நோய் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உலகத்தின் செல்வம் குவிந்து கிடக்கின்ற நியூயோர்க் மாநகரத்தைப் பாருங்கள். வீடற்றோர் விடுதி, முதியோர் உணவு, குழந்தைப் பராமரிப்பு முதலியவற்றை அந்நகரம் பெரும்பாலும் இலாபநோக்கற்ற நிறுவனங்களிடமே ஒப்படைத்திருக்கிறது. ஒப்பந்தம் முறைப்படி பதிவாகுமுன்னரே வேலை தொடங்கிவிடும். பணம் பதிவுக்குப் பிறகே வரும். 2022இல் மேயரும் கணக்குக் கட்டுப்பாட்டாளரும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்துத் தேங்கிக் கிடந்த ஒப்பந்தங்களை ஆராய்ந்தார்கள். விடுவிக்கப்பட்ட தொகை 400 கோடி டொலருக்கு மேல்! அவ்வளவு பணத்துக்குரிய காகிதங்கள் மேசைக்கு மேசை உறங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய நகரமே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தப் புகுந்ததென்றால், நாம் ஏன் பேசக் கூச வேண்டும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வறியோரைப் பேணுவது நகரத்தின் கடமை என்பது இலங்கைக்குப் புதிய செய்தி அன்று. 1939ஆம் ஆண்டிலே வறியோர் சட்டம் பிறந்தது. அச்சட்டம் அக்கடமையை மாநகர சபைகளின் தலையில் வைத்தது. ஆனால் கொழும்பு, கண்டி, காலி என்னும் மூன்று நகரங்களோடு அது நின்றுவிட்டது. அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரி 1850இலே ஒரு தருமச் சங்கத்தின் கையிலேதான் தோன்றியது. அரசாங்கம் அதனை ஏற்றது 1907இல். முதலில் சங்கம் செய்கிறது, பின்னர் சர்க்கார் ஏற்கிறது, இடைப்பட்ட காலத்தில் இருவரும் சேர்ந்து சுமக்கிறார்கள். அந்த இடைப்பட்ட காலத்துக்கு ஒழுங்கான உடன்படிக்கை வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி.

கல்முனை 2001இலே மாநகரமாயிற்று. மாநகரம் என்ற பெயர்ப்பலகை வந்தது, கடமைகளும் கூடின. பின்பு 2004 டிசம்பர் 26 வந்தது. அந்தக் காலைப்பொழுதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. அதன்பின்னர் இக்கரைக்கு வந்த நிறுவனங்கள் எத்தனை! கொடிகள் எத்தனை! வாகனங்கள் எத்தனை! மீன்பிடிக்காதவனுக்கும் தோணி கிடைத்தது. மீன்பிடித்தவனுக்கு வலை கிடைக்கவில்லை. கிழக்கிலே கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என்றார்கள். கட்டுவதற்கு வேறு நிலம் எங்கே என்று சொன்னவர் இல்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபிய உதவியால் 500 வீடுகள் எழும்பின. வழக்குக்குப் பின் வழக்காக, குடியேற ஆளின்றி அவை ஆண்டாண்டாகப் பாழடைந்து நின்ற காட்சியைக் கண்டு நெஞ்சம் குமுறாதவர் நம்மில் யார்?

இவ்வளவும் எதனால் நேர்ந்தது? அரசியலும் உண்டு, இனப் பூசலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குக் கீழே இன்னொரு காரணமும் கிடக்கிறது. கொடுத்தவர்களும் செய்தவர்களும் தங்கள் நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டினார்கள். நகரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய ஏற்பாடு இருந்ததில்லை. எவர் எந்த வட்டாரத்தில் என்ன செய்கிறார் என்ற பட்டியல்கூட ஓர் இடத்தில் முழுமையாக இருந்ததில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைச் சுற்றி மின்வேலி போட்டார்கள். 2014இலே இடி விழுந்து அது பழுதாயிற்று. பழுது பார்க்கப்படவேயில்லை. யானைகள் உள்ளே புகுந்து பிளாஸ்திக்கைத் தின்று மாண்ட செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. வேலி போடப் பணம் தேடத் தெரிந்தது. பத்து வருடம் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதை எவரும் இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஆகவே நாம் கேட்பது பணம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எழுத்தைக் கேட்கிறோம்.

இன்று ஒரு சிறு சங்கம் சபையோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பினால் அதன் பாடு என்ன? முதலில், நீ யார் என்ற கேள்வி. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூகசேவை நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவர் சிலர். 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகப் பதிந்தவர் சிலர். பள்ளிவாசலோடு சேர்ந்தவர்கள் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு திணைக்களத்தில். மாதர் சங்கம் வேறொன்றில். போதாக்குறைக்கு, ஒரே மாநகர எல்லைக்குள் சாய்ந்தமருதுக்கு ஒரு பிரதேச செயலகம், கல்முனைக்கு ஒரு செயலகம், வடக்கிலே தரமுயர்த்தும் பிணக்கினால் 2019இல் உண்ணாவிரதம் வரை சென்ற உப செயலகம்! எந்த முத்திரை செல்லும், எது செல்லாது என்று அறிவதற்கே ஒரு சட்டத்தரணி வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனம் கொழும்பிலே ஆள் வைத்துக்கொள்ளும். நம்முடைய பகலுணவுத் தாய்மார் எந்தச் சட்டத்தரணியிடம் போவார்கள்?

அடுத்தது பெறுகை முறை. வடிகானுக்குக் கொங்கிறீற்றுப் போடுவதாயின், விலைமனு கோராமலே கிராமச் சங்கத்திடம் சிறு ஒப்பந்தம் கொடுக்கும் வழக்கம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு; 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டியிலே சமுதாயப் பங்களிப்புக்கு என ஒரு பகுதியே இருந்தது. 2025 ஜனவரி முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டி நடைமுறைக்கு வந்தது. ஆனால் நடைமுறையிலே நம் அலுவலகங்களுக்குப் பழகிய ஒப்பந்தம் கல்லும் மண்ணும் அளக்கிற ஒப்பந்தமே. கொங்கிறீற்றின் கனவளவை நாடா வைத்து அளக்கலாம். படுக்கையில் கிடக்கும் மூதாட்டியைக் குளிப்பாட்டியதை எந்த நாடாவால் அளப்பது? அளக்கத் தெரியாத காரணத்தால் அதனைத் தருமம் என்று பெயரிட்டு, “நன்கொடை” என்ற தலைப்பின் கீழ்த் தள்ளிவிடுகிறார்கள். நன்கொடையைக் கொடுக்கவும் செய்யலாம், கொடாமலும் விடலாம். ஒப்பந்தம் அப்படியன்று.

உத்தியோகத்தர்கள் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்பதற்கும் நியாயம் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், பொதுப்பணத்துக்கு நட்டம் வருவித்த அதிகாரியின் சொந்தப் பையிலிருந்தே அதனை அறவிட இடம் வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆயினும் தெளிவான ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அதன் பயன் என்ன? ஒவ்வொரு இலிகிதரும் இன்னொரு கடிதம் கேட்கிறார். ஒவ்வொரு கையொப்பமும் இன்னொரு கையொப்பத்தைத் தேடுகிறது. அச்சம் காகிதத்தைப் பெருக்குகிறது. அவரையும் காப்பாற்றக்கூடியது நல்ல ஒப்பந்தம்தான்.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இந்தியாவின் பூனா நகரம் சான்று. அங்கே தெருவில் குப்பை பொறுக்கிய பெண்கள் 1993இல் தொழிற்சங்கம் கண்டார்கள். 2008இல் கூட்டுறவு அமைத்து நகரசபையோடு உடன்படிக்கை செய்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் உரிமையைப் பெற்றார்கள். வீட்டுக்காரர் கட்டணத்தை அவர்களிடமே செலுத்துகிறார். குப்பை பொறுக்கியவள் நகரத்தின் சேவையாளி ஆனாள்! ஆனால் 2020 இறுதியில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபோது, புதிய ஒப்பந்தம் உடனே வரவில்லை. சிறு சிறு கால நீடிப்புகள். இடையிலே தனியார் கம்பனிக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாளை என்ன ஆகுமோ என்று காத்திருந்தன. ஆகையால் முடிவுத் தேதி எழுதப்படுகிற அதே பக்கத்தில், புதுப்பிக்கும் பேச்சு எப்போது தொடங்க வேண்டும் என்ற தேதியும் எழுதப்பட வேண்டும்.

நாம் சபையின் முன் வைக்கப்போவது பெரிய தத்துவம் எதுவுமன்று. ஒரு சங்கத்துக்கு ஒரு கோவை; ஒரு முறை பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பதிவுப் பத்திரங்களை மூன்றாண்டுக்குத் திரும்பக் கேட்கலாகாது. ஒப்பந்தமும் மூன்றாண்டுக்கு உரியதாக இருக்கட்டும். வேலை தொடங்குமுன் காலாண்டுச் செலவை முற்பணமாகத் தர வேண்டும். அடுத்த காலாண்டுக்கான பணம், கணக்குக் கிடைத்த முப்பது நாளுக்குள் வர வேண்டும். குறையிருந்தால் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த எழுபது வயதுப் பெரியவர் படியேறி இறங்கிய நாட்களை எண்ணிப் பாருங்கள். அவரைக் கொன்றது குறை அன்று, குறைகள் ஒவ்வொன்றாக வந்ததுதான். வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதும் கூலி ஆகியவையும் சேவையின் செலவே என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சோற்றுக்குப் பணம் தருவோம், அடுப்புக்குத் தரமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, மிக முக்கியமானது. எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் சபையின் வாயிற் சுவரிலே தமிழில் ஒட்டப்பட வேண்டும். 2023 மார்ச்சிலே உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் நாடெங்கும் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, கல்முனை அதிலே சேரவில்லை. விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தது. மக்கள் பிரதிநிதி இல்லாத நேரத்தில் ஆணையாளர் ஒருவரின் பேனாவே சபை ஆகிறது. அந்தப் பேனா நல்லவர் கையில் இருந்தாலும், கேள்வி கேட்க மண்டபத்தில் எவருமில்லை. பிரதிநிதி இருந்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று முணுமுணுக்கிறீர்கள், கேட்கிறது! அரசியல்வாதியின் கடிதம் கொண்டுவந்த சங்கத்துக்கு வரவேற்பு, கொண்டுவராத சங்கத்துக்குக் காத்திருப்பு, இதுவே இந்நாட்டில் பல இடங்களில் வழக்கம். அந்தக் கடிதத்தின் வலிமையைக் குறைக்க வல்லது சுவரில் ஒட்டிய பட்டியல்.

இனி, கைதட்டிய நீங்கள் கைதட்டாத இடத்துக்கு வருகிறேன்.

நம்முடைய கணக்குகள் எப்படி இருக்கின்றன? பொதுக்கூட்டம் கூட்டாமல் பத்தாண்டாக ஒரே தலைவர் இருக்கின்ற சங்கங்கள் நம்மிடையே இல்லையா? தலைவர் காக்கா, செயலாளர் தம்பி, பொருளாளர் மச்சான் என்று ஒரு குடும்பமே சங்கமாக நிற்பதில்லையா? வெளிநாட்டு உதவி வரும்போது மட்டும் விழித்தெழும் பெயர்ப்பலகைகள் எத்தனை! 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்கத்தினதோ வெளிநாட்டினதோ பணத்தைக் கணிசமாகப் பெறுகின்ற அரசுசார்பற்ற நிறுவனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. சபையின் பணத்தை வாங்கிவிட்டு, “எங்கள் கணக்கைக் கேட்க நீ யார்?” என்று வட்டாரத்து மனிதனைப் பார்த்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஸக்காத்தின் கணக்கைக் காசு தவறாமல் பார்க்கின்ற ஊரவர்கள் நாம். அந்த நுணுக்கம் சங்கத்தின் பேரேட்டிலும் இருக்கலாமே! ஒப்பந்தம் கேட்பவன் ஒப்பந்தத்துக்கு அடங்கவும் வேண்டும். வேலை செய்யாத சங்கத்தை நீக்கும் விதியும் அதில் இருக்க வேண்டும். அதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஐயோ, தன்னார்வத்தின் தூய்மை கெட்டுவிடுமே, தருமத்தைக் கூலியாக்கலாமா என்று மூத்தவர் ஒருவர் நேற்று என்னிடம் வருந்தினார். அவருக்கு ஒட்டமாவடியை நினைவூட்டினேன். கொரோனாக் காலத்திலே நம்முடைய மையித்துகளை எரித்தார்கள். 2020இல் தொடங்கிய அந்தக் கொடுமை 2021 பெப்ரவரியில்தான் நீங்கியது. மார்ச்சிலே ஒட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் நாலா திசையிலிருந்தும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடங்கின. முஸ்லிம்கள் மட்டுமல்லர், மற்றச் சமயத்தாரும் அங்கே உறங்குகிறார்கள். பிரதேச சபையும் இராணுவமும் சுகாதாரத் துறையும் ஊர் வாலிபர்களும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். குழி எவர் வெட்டுவது, வாகனத்துக்கு எவர் எண்ணெய் ஊற்றுவது, பெயரை எவர் பதிவது என்று பங்கு பிரித்துக்கொண்டதனால் அவர்களின் தருமம் குறைந்தா போயிற்று? ஒவ்வொரு குழிக்கும் இலக்கம் இருக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளையும் இன்று போய்த் தன் வாப்பாவின் கப்று எதுவென்று காட்ட முடிகிறது.

நேரம் அதிகமாயிற்று, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் செயலாளர்களும் பொருளாளர்களும் கலைந்து செல்ல வேண்டாம். சபைக்குக் கொடுக்கவிருக்கும் ஒப்பந்தப் படிவத்தின் முதற் பிரதி அந்த மேசையில் இருக்கிறது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், சங்கத்தின் மாதச் செலவை எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. உங்கள் பேரேட்டைப் பார்த்து உண்மையான தொகையை எழுதுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைத்தும் எழுத வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் அவை என் கைக்கு வந்தால், திங்கட்கிழமை காலையில் பாண்டிருப்பு நண்பர் ஒருவரும் சாய்ந்தமருது நண்பர் ஒருவரும் நானுமாக அவற்றை ஆணையாளரிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வருவோம்.